கேட்டால் தருவார்களாம்

“பாலிசியைப் படித்துப் பார்க்காதது உங்க தப்பு சார்.”

மருத்துவக் காப்பீட்டில் பணம் குறைத்துக் கொடுக்கப்பட்ட எவரும் முதலில் கேட்கும் வாக்கியம் இதுதான். கம்பெனிக்காரர் சொல்வார். பாலிசி விற்ற ஏஜெண்டே சொல்வார். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருக்கும் பெண் தலை நிமிராமல் சொல்லும். வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை சொல்வார். இவர்களில் ஒருவராவது அந்தப் பாலிசியைப் படித்திருப்பாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் தீராத கோபம் உண்டு. காரணம், நான் பத்திரப் பதிவுத் துறையில் வேலை பார்த்தவன். ஒருவர் ஒரு பத்திரத்தைப் படித்தாரா, புரிந்துகொண்டாரா என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு விவகாரம். 5 சென்ட் மனை வாங்க வருகிறவரின் கிரயப் பத்திரம் தமிழில் இருக்கும். எழுத்தர் அதை வாசித்துக் காட்டியிருப்பார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, இரண்டு சாட்சி, பெருவிரல் ரேகை, ‘எழுதிக் கொடுத்தது நீங்கதானா, சம்மதமா’ என்று பதிவு அலுவலரின் கேள்வி. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 19ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டத்தில் வழக்கத்தில் இல்லாத, பதிவு அலுவலருக்கும் புரியாத மொழியில் ஒரு ஆவணம் வந்தால், மொழிபெயர்ப்பு இணைக்காத வரை அதைப் பதிய மறுக்க வேண்டும் என்கிறது அது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். ஆவணம் என்றால் சம்பந்தப்பட்ட ஊரில் அது வாசிக்கப்படக் கூடியதாக இருக்க வேண்டும் என்ற நியாயம் அவனுக்கே தெரிந்திருக்கிறது. அதே சட்டத்தின் 57ஆவது பிரிவில், கட்டணம் கட்டினால் பழைய பத்திரத்துக்கும் சான்றிட்ட நகல் உண்டு. பேரன் வந்து தாத்தா வாங்கிய நிலத்தின் நகல் கேட்டால், தூசி தட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது காப்பீட்டுக்கு வாருங்கள்.

நிலம் வாங்கினால் நிலம் இருக்கிறது. பத்திரம் அதற்குச் சாட்சி. மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் வாங்குவது அந்தத் தாளை மட்டும்தான். வேறு சரக்கே கிடையாது. அந்தச் சரக்கை விற்றவர் எப்படி அனுப்பி வைக்கிறார்? ஆங்கிலத்தில், நாற்பது ஐம்பது பக்கத்தில், பூட்டுப் போட்ட ஒரு பி.டி.எஃப் ஆக, யாருடையதோ ஒரு ஈமெயிலுக்கு.

‘யாருடையதோ’ என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய தம்பதிகளின் பாலிசிகளைப் பாருங்கள். பாதிப் பேருக்கு மகன் அல்லது மகளின் ஈமெயில் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த மகன் டெக்சாஸில் இருப்பான். சிலருக்கு ஏஜெண்ட் தன் சொந்த ஈமெயிலையே எழுதிவிட்டிருப்பார், ‘அங்கிள், எல்லாம் நானே பார்த்துக்கறேன்’ என்று. ஏஜெண்ட் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் புதிய பாலிசி பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறதே, அது ஆவணம் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. அது போய்ச் சேர்ந்தது அவருடைய கைப்பேசியில்.

சரி, கோப்பு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். திறக்க வேண்டாமா? பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறகு பிறந்த வருடம் என்று ஒரு கடவுச்சொல் சொல்வார்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு எது முதல் நான்கு எழுத்து? இனிஷியலோடு சேர்த்தா, விட்டுவிட்டா? ஆதாரில் அப்பா பெயர் முன்னால் வந்திருந்தால் அதா? பிறந்த வருடம் என்றால் உண்மையாகப் பிறந்த வருடமா, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் எழுதிய வருடமா? என் தலைமுறையில் இரண்டு பிறந்தநாள் இல்லாதவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், எழுபது வயது அம்மாள் ஒருவர் இந்தப் புதிரை விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் அது அவர் தப்பு.

இதற்கிடையில் நம் வீடுகளில் ‘பாலிசி’ என்ற பெயரில் பிளாஸ்டிக் கவரில் இருப்பது என்ன? நான் பத்துப் பன்னிரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். ஒரு அட்டை. பிரீமியம் கட்டிய ரசீது. 80டி பிரிவில் வரி விலக்குக்கான சான்று, அது மட்டும் வருடவாரியாக, கிளிப் போட்டு. ஏஜெண்ட் கொடுத்த வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்று, அதில் சிரிக்கும் குடும்பம். இந்த நான்கில் எதுவும் பாலிசி அல்ல. ஆடிட்டர் கேட்பார் என்பதால் வரிக்கான தாள் பத்திரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உதவக் கூடிய தாள் கையில் இல்லை.

பாலிசி என்பது உண்மையில் இரண்டு மூன்று ஆவணங்கள் சேர்ந்தது. ‘ஷெட்யூல்’ என்று ஓரிரு பக்கம். உங்கள் பெயர், வயது, தொகை, தேதி, உங்களுக்கென்று போட்ட நிபந்தனைகள் அதில் இருக்கும். அடுத்து ‘பாலிசி வேர்டிங்ஸ்’ என்ற நீண்ட ஒப்பந்தம், எல்லோருக்கும் பொதுவானது. பிறகு நீங்கள் ஆரம்பத்தில் கையெழுத்திட்ட புரோபோசல் படிவத்தின் நகல். இதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விகளுக்கு உங்கள் சார்பில் ஏஜெண்ட் என்ன ‘டிக்’ அடித்தார் என்பது அதில்தான் இருக்கிறது. நோயை மறைத்தீர்கள் என்று நாளைக்குக் கம்பெனி நீட்டப்போகும் தாளும் அதுவே. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய அந்தக் காரணம் சொல்லி மறுக்க முடியாது. அதுவரை அந்த ‘டிக்’ உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது.

இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் படித்தால்தான் எதுவும் புரியும். ஒன்றை மட்டும் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், அது இன்னும் ஆபத்து. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் அரிசி மில்லில் 35 வருடம் கணக்கு எழுதியவர். ஒரு ரூபாய் பிசகாது. இன்றைக்கும் பால் கணக்குக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறார். இவரைப் போய் அசட்டையானவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. போன வருடம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை. பாலிசித் தொகை 3 லட்சம். மொத்த பில் 2,70,000. 3 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது, கவலையில்லை என்று இருந்தார். டிஸ்சார்ஜ் அன்று கம்பெனி ஒப்புக்கொண்டது 1,35,000. சரி பாதி. மீதிக்கு மகளின் வளையல் போனது.

காரணம் கேட்டதற்கு, “ரூம் வாடகை லிமிட் சார். பாலிசில இருக்கு. படிக்கலையா?”

ஷெட்யூலில் ஒரு வரி இருந்தது, உண்மைதான். அறை வாடகை நாளொன்றுக்குப் பாலிசித் தொகையில் 1 சதவீதம். அதாவது 3,000. அவர்கள் தங்கியது 6,000 ரூபாய் அறையில், 6 நாள். கணக்குப்பிள்ளையான அவர் அந்த வரியைப் படித்தே இருந்தார்! வாடகையில் நாளைக்கு 3,000 கையிலிருந்து போகும், 6 நாளைக்கு 18,000 என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். அதற்குத் தயாராகத்தான் அந்த அறையை எடுத்தார். வாடகை இரண்டு மடங்கு ஆனால் டாக்டர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள் என்பது அந்த வரியில் இல்லை. அது வேர்டிங்ஸில், வேறொரு பக்கத்தில், வேறொரு தலைப்பின் கீழ் இருந்தது. அவரிடம் வேர்டிங்ஸே இல்லை.

நானும் அவருமாக அதைத் தேடி எடுத்தோம். ஷெட்யூலின் மேல் மூலையில் யு.ஐ.என் என்று எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பாலிசித் திட்டத்துக்கும் ஒழுங்குமுறை ஆணையம் கொடுக்கும் எண் அது. ஒரே பெயரில் பழைய வடிவமும் புதிய வடிவமும் உலவும். பெயரை நம்பித் தேடினால் வேறொன்றைப் படித்துக்கொண்டிருப்போம். அந்த எண்ணைப் போட்டுக் கம்பெனியின் இணையதளத்தில் தேடினால் சரியான ஒப்பந்தம் கிடைக்கும். கிடைத்தது. 42 பக்கம். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன்.

விகிதாசார வெட்டு 19ஆம் பக்கத்தில் இருந்தது. ‘தொடர்புடைய மருத்துவச் செலவுகள்’ மட்டுமே வெட்டப்படும் என்று சொல்லியது. அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று பார்க்க 5ஆம் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே இருந்தது விஷயம்: மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவை அந்தச் செலவுகளில் சேராது. அவற்றை வெட்டக் கூடாது. இது அந்தக் கம்பெனியின் தயாளம் இல்லை. ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் போட்ட விதி. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்தையும் அப்படி வெட்டக் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியாக இருந்தால் விகிதாசார வெட்டே கூடாது.

இப்போது கணக்குப் போடுங்கள். வாடகை 36,000, அதில் பாதி வெட்டலாம். டாக்டர், தியேட்டர், நர்ஸிங் 1,20,000, அதிலும் பாதி வெட்டலாம். ஆக 78,000. இடுப்பில் பொருத்திய கருவி 70,000, மருந்தும் பரிசோதனையும் 44,000. இவற்றில் கை வைக்க உரிமையில்லை. ஆனால் கம்பெனி மொத்தத்தையும் இரண்டால் வகுத்துவிட்டது. 57,000 ரூபாய் அநியாயமாகப் பிடிக்கப்பட்டிருந்தது.

பக்க எண், விதி எண் குறிப்பிட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம். மூன்று வாரத்தில் 57,000 வங்கிக் கணக்கில் ஏறியது. மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. ஆக, பாலிசியைப் படிக்காமல் தப்புச் செய்தது யார்? அதை எழுதியவர்களே படிக்கவில்லை! அவர்களிடம் ‘உங்க தப்பு சார்’ என்று சொல்ல எங்களுக்கு ஒரு கவுன்ட்டர் இல்லை.

மீதி 78,000 போனது போனதுதான். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த 19ஆம் பக்கம் முன்பே தமிழில் கையில் இருந்திருந்தால், அவர் இரண்டு பேர் தங்கும் 3,000 ரூபாய் அறையைக் கேட்டிருப்பார். பால் கணக்கு எழுதும் மனிதர், கேட்காமல் இருப்பாரா?

‘எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்றை 2024 ஜனவரி 1 முதல் புதிய வடிவில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு தொகை, எது சேரும், எது சேராது, எந்த நோய்க்கு எவ்வளவு காத்திருப்பு, எங்கே உச்சவரம்பு, எங்கே முறையிடுவது என்று சில பக்கங்களில், ஒவ்வொன்றுக்கும் பாலிசியில் எந்த விதி என்ற எண்ணோடு தர வேண்டும். எழுத்தின் அளவு 12 புள்ளிக்குக் குறையக் கூடாது. நல்ல ஏற்பாடு. உள்ளூர் மொழியிலும் தர வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால். பாலிசியை அச்சிட்ட தாளாகவும் தருவார்கள், வாடிக்கையாளர் கேட்டால்.

என் சண்டை அந்தக் ‘கேட்டால்’ என்ற ஒற்றைச் சொல்லோடுதான். இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படிக் கேட்பார்? தமிழில் உண்டு என்ற செய்தியையும் ஆங்கிலத்தில்தானே அனுப்புகிறார்கள்! தொலைக்காட்சி விளம்பரம் தமிழில் வருகிறது. அதற்கு எந்த வாடிக்கையாளரும் மனுக் கொடுக்கவில்லை. விற்க வருகிற பையன் தஞ்சாவூர்த் தமிழில் பேசுகிறான். பிரீமியம் தேதி நெருங்கினால் கைப்பேசியில் ஒரு பெண்குரல் கொஞ்சும் தமிழில் நினைவூட்டுகிறது. விற்கும்போது தமிழ், வாங்கும்போது தமிழ், மறுக்கும்போது மட்டும் இங்கிலீஷ்.

நான் கேட்டுப் பார்த்தேன். அரசு ஓய்வூதியர் திட்டம் போக, நானும் மனைவியும் தனியாக ஒரு பாலிசி வைத்திருக்கிறோம். அந்தக் கிளை அலுவலகத்துக்குப் போய்த் தமிழில் தகவல் தாள் வேண்டும் என்றேன். பொறுப்பாளர் நல்ல பையன்தான், என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

“தமிழ்லயா சார்? சிஸ்டத்துல இங்கிலீஷ் மட்டும்தான் வருது. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே?”

“எனக்குத் தெரியும் தம்பி. என் சம்சாரத்துக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தா இதைப் படிக்க வேண்டியது அவங்கதான்.”

இதற்கு அவரிடம் பதில் இல்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். ஐந்து வாரம் கழித்துத் தமிழில் ஒன்று வந்தது. அதை எந்த மனிதரும் எழுதியிருக்க மாட்டார். வீட்டிலேயே படுக்க வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு ‘குடியிருப்பு மருத்துவமனையாக்கம்’ என்று போட்டிருந்தது. செலவில் நம் பங்கைக் குறிக்கும் ‘கோ-பே’ என்பது ‘இணை செலுத்து’ என்று கட்டளையாக நின்றது. மனைவி இரண்டு வரி படித்துவிட்டு, “இதுக்கு இங்கிலீஷே தேவலை” என்று மேஜையில் வைத்துவிட்டாள்.

தமிழில் சட்டப் பொருள் துல்லியமாக வராது, வழக்கு வரும், அதனால்தான் ஆங்கிலம் என்று ஒரு வாதம் வைப்பார்கள். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். கோடிக்கணக்கில் பெறுமானமுள்ள சொத்துகள் இந்த மாநிலத்தில் தமிழில் எழுதிய பத்திரத்தில்தான் கைமாறுகின்றன. பாகப் பிரிவினை, தான செட்டில்மெண்ட், உயில், அடமானம் என்று நான்கு எல்லையும் சர்வே எண்ணும் தமிழில்தான் இருக்கின்றன. உயர்நீதிமன்றம் வரை அதை வைத்துத்தான் வழக்காடுகிறார்கள். நிலத்தின் எல்லையைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த மொழிக்கு அறை வாடகையின் எல்லையைச் சொல்லத் தெரியாதா?

டிஜிட்டல் வசதிதானே என்பார்கள். வசதிதான். இளைஞர்களுக்கு மின் காப்பீட்டுக் கணக்கு மிக நல்லது, எல்லாப் பாலிசியும் ஓரிடத்தில் இருக்கும். ஆனால் வசதி என்பது கூடுதலாகத் தருவது. தாளை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகத் தருவதை வசதி என்று சொல்ல மாட்டேன்.

அரிசி மில் கணக்குப்பிள்ளைக்கு நடந்தது புதிதல்ல. 2000ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம், மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் இதைப் பார்த்துவிட்டது. காப்பீடு எடுத்தவருக்குக் கவர் நோட்டும் ஷெட்யூலும் மட்டும் கொடுத்திருந்தார்கள். விலக்கு விதிகள் அடங்கிய தாளைக் கொடுக்கவில்லை. கொடுக்காத தாளில் இருக்கும் விலக்கைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இது பெரிய நிறுவனத்துக்கும் பெரிய நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு, வக்கீல்கள் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் உச்சநீதிமன்றம் போவாரா? அவருக்கு இருப்பது சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிக்கலாம். கம்பெனி மறுத்த பிறகோ, 30 நாள் பதில் தராவிட்டாலோ போகலாம். ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். இந்த விவரமும் பாலிசியிலேயே, வழக்கமாகக் கடைசிப் பக்கங்களில்தான் அச்சிட்டிருக்கும். நாற்பது பக்கம் தாண்டினவருக்கு மட்டும்.

நான் கேட்பது சலுகை இல்லை. பணம் வாங்குவதற்கு முன்னால் தகவல் தாள், வாங்குபவர் பேசும் மொழியில், ஒரு மனிதர் எழுதிய தமிழில் கையில் வர வேண்டும். அறுபது வயது தாண்டியவருக்கு முழுப் பாலிசியும் அச்சில், கேட்காமலே, வீட்டு முகவரிக்கு வர வேண்டும். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுக்கட்டும். கேட்க வேண்டிய பாரம் அவர்கள் பக்கம் போகட்டும். இதற்கு என்ன செலவாகிவிடும்? நாற்பது தாளும் ஒரு தபால் தலையும். வருடத்துக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று பிரீமியம் கட்டுகிறவனுக்கு இதுகூடவா கிடையாது?

என் பாலிசியின் புதுப்பிப்புத் தேதி அடுத்த மாதம் 14. அந்த இயந்திரத் தமிழில் சிவப்பு மையால் 31 இடங்களில் திருத்தம் போட்டு வைத்திருக்கிறேன். பழைய வேலைப் பழக்கம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரத்தில் சுருக்கொப்பமும் உண்டு. இந்த முறை காசோலையோடு அதையும் சேர்த்துத் தபாலில் அனுப்புகிறேன். எதிர்வீட்டுக்காரரும் ஒரு நகல் கேட்டிருக்கிறார், அவர் பாலிசிக்கும் இதே போல் எழுதிப் போட வேண்டுமாம்.